நஞ்சை நஞ்சு என்றே சொல்லுவோம்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாங்கள் பிறந்து வளர்ந்தது கல்முனைக் கடற்கரையில். அங்கே வலையில் பேத்தை மீனும் அகப்படும். வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு எவ்வளவு சமைத்தாலும் போகாது. நரம்பை முடக்கி மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்தும் இல்லை. பெயர் தெரிந்தபடியால் மீன்காரர் அதைக் கரையிலேயே வீசிவிடுவார்கள்.

ஆனால் அதே ஊரில், வயலுக்கு அடிக்கிற நஞ்சை 'மருந்து' என்று சொல்லி வீட்டுக்குள் வைத்திருந்தோம். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மிஞ்சிய பூச்சிநாசினியை சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்தார். ஐந்து வயது மகன் சோடா என்று எண்ணி ஒரு மிடறு குடித்துவிட்டான். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, இறைவன் காவலால் பிழைத்தான். பிறகு தாயிடம் கேட்டானாம்: "மருந்துதானே உம்மா, ஏன் எனக்கு வருத்தம் வந்தது?" அதற்கு எங்கள் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நடந்தது என்ன? நம் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப ஒரு இரசாயனத்தைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை அழிக்க உடம்பில் இன்னொரு பொருள் உண்டு. ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினி அந்த அழிக்கும் பொருளைக் கட்டிப்போடுகிறது. கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பூச்சி சாவதும் இப்படித்தான், மனிதர் சாவதும் இப்படித்தான். வித்தியாசம் அளவில் மட்டுமே.

வாயால் மட்டும் போவதும் இல்லை. தோலாலும் மூச்சாலும் போகும். முதுகில் டேங்கி ஒழுகி நனைந்த சட்டையோடு பொழுதெல்லாம் நிற்பவர் சொட்டுச் சொட்டாக நஞ்சை ஏற்றிக்கொள்கிறார்.

தேயிலை மலைகளில் களைக்கு அடித்த பராகுவாட் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது நுரையீரலைத் தழும்பாக்கிக் கொல்லும், மாற்று மருந்தில்லாத நஞ்சு. 2008இல் தொடங்கிப் படிப்படியாக அது நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னரே, 1995இல் மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதியும், 1998இல் எண்டோசல்பானும் நிறுத்தப்பட்டன. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2005இல் அது 24 ஆகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை. கோபம் குறைந்ததா, கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. ஒரு நிமிட ஆத்திரத்தில் கைக்கு எட்டிய போத்தலில் கொடிய நஞ்சு இருக்கவில்லை, அவ்வளவுதான். பிழைத்தவர்களில் பலர் பிறகு பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள்.

ஆகவே சில காரியங்களை ஞாபகம் வையுங்கள். எந்த நாசினியையும் லயத்துக்குக் கொண்டுவராதீர்கள், வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள். வெறும் போத்தலில் தண்ணீர் எடுக்காதீர்கள், டேங்கியைப் பீலியடியில் கழுவாதீர்கள். மலையால் வந்ததும் குளித்து, அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். உப்புத் தண்ணீர், தேங்காய்ப்பால் ஒன்றும் கொடுக்கவேண்டாம். மேலில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றி சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். போத்தலையும் லேபிளோடு கொண்டுபோங்கள், வைத்தியருக்கு அதுதான் வழிகாட்டி. மனம் தாங்காத நேரத்தில் 1926க்குப் பேசுங்கள், அல்லது எங்கள் கதவைத் தட்டுங்கள். இரவானாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "மலைக்கு அடிப்பது மருந்து இல்லை, நஞ்சு" என்று சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை கேட்ட கேள்வியை இந்த லயத்துப் பிள்ளை ஒன்றும் கேட்கக்கூடாது.