ஆழ்கடல் எந்திரத்தின் வெள்ளோட்டம்



கலம் ஒன்றைக் கட்டி முடித்த கையோடு நெடுங்கடற் செலவுக்கு விடுவார் எவருமிலர். முதலில் வெள்ளோட்டம் பார்ப்பர். பட்டறைத் தொட்டியில் இயங்கிய எந்திரம் கடலிலும் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. கடல் தன் தேர்வைத் தானே நடத்தும். அத் தேர்வின் கடுமைக்குச் சப்பானியர் படைத்த 'கைக்கோ' என்னும் ஆளில்லா நீர்மூழ்கியே தக்க சான்று.

கைக்கோ என்னும் சொல்லுக்குக் கடலகழி என்பது பொருள். உலகக் கடல்களிலெல்லாம் மிக ஆழமானது, அமைதிப் பெருங்கடலின் மரியானா அகழியிலுள்ள சேலஞ்சர் மடு. அதன் ஆழம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். 1960 சனவரி 23-இல் பிக்கார்டு, வால்சு என்னும் இருவர் 'திரியெசுத்து' கலத்தில் அங்கு இறங்கி மீண்டனர். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வேறெந்த ஊர்தியும் அத் தரையைத் தொடவில்லை.

அங்கே ஓர் எந்திரத்தை அனுப்புவதில் அத்துணை அருமை என்ன? பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மடுவின் அடியிலோ விரல்நகம் அளவுள்ள பரப்பின்மீதும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமை அழுத்தும். வானொலி அலை கடல்நீரில் நெடுந்தொலைவு செல்லாது. ஆகவே ஆற்றல் கீழே செல்வதும், படம் மேலே வருவதும் வடத்தின் வழியேதான். கப்பலோ அலைமீது ஏறி இறங்கும். அவ் ஆட்டமெல்லாம் வடத்தின் வழியே எந்திரத்தையும் அலைக்கழிக்கும்.

இதற்குச் சப்பானியர் கண்ட வழி நுட்பமானது. கைக்கோவை இரு பகுதியாக அமைத்தனர். ஏவுகலம் கப்பலிலிருந்து 12,000 மீட்டர் வடத்தில் தொங்கும். அதனின்று 250 மீட்டர் நீளமுள்ள மெல்லிய வடத்தோடு ஊர்தி பிரிந்து சென்று தடையின்றி உலவும். கப்பலின் ஆட்டம் ஏவுகலத்தோடு நின்றுவிடும்.

1994-இல் மடுவில் இறக்கிப் பார்த்தனர். தரைக்குச் சில மீட்டரே இருந்த நிலையில் வடம் பழுதுற்றுப் படம் மறைந்தது. எட்டிய கனி கைநழுவியது. சோர்ந்தனரா? இல்லை! எந்திரத்தை மேலேற்றிக் குறைகளைந்து, மறுபடியும் கடலுக்கு வந்தனர். 1995 மார்ச்சு 24-இல் கைக்கோ 10,911 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டது. பின்னர் அங்கிருந்து சேறு அள்ளி வந்தது. அச் சேற்றிலும் நுண்ணுயிர்கள் வாழ்ந்திருந்தன!

ஆயினும் கடல் தன் தேர்வை முடித்துவிடவில்லை. 2003 மே 29-இல் சிக்கோக்குத் தீவுக்கப்பால் கைக்கோ பணியாற்றுகையில் சூறாவளி நெருங்கியது. மேலிழுக்கும்போது மெல்லிய வடம் அறுந்தது. ஏவுகலம் மீண்டது, ஊர்தி மீளவில்லை. மறு ஆண்டில் அதன் இடத்துக்கு வந்த எந்திரம் 7,000 மீட்டர் ஆழத்துக்கே செல்லவல்லது. கைவந்த அடித்தளம் சப்பானியர்க்கு மீண்டும் எட்டாததாயிற்று.

வடத்தின் சுமையைத் தவிர்க்க அமெரிக்கர், மின்கலத்தாலியங்கி முடியளவு மெல்லிய கண்ணாடியிழையால் செய்தி விடுக்கும் 'நெரியசு' என்னும் எந்திரத்தை அமைத்தனர். 2009-இல் அது 10,902 மீட்டர் ஆழம் சென்றது. அதுவும் 2014-இல் கெர்மடெக்கு அகழியில் அழிந்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? எந்திரத்தின் வலிமை அதன் மெலிந்த உறுப்பின் வலிமையே. அம் மெலிவைக் காட்டவல்லது கடல் ஒன்றே. வெள்ளோட்டத்தில் தோன்றும் பழுது இழுக்கன்று. அதைக் கண்டும் களையாது விடுவதே இழுக்கு. கட்டுவோர் இதனை நெஞ்சிற் கொள்க!