எறியப்படாத ஏடுகள்



புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். ஆனால் அந்தப் புத்தகம் கிழிந்து இற்றுப்போனபின் அதை என்ன செய்கிறோம்?

கடவுளின் திருப்பெயர் தாங்கிய ஏட்டை அழிப்பது யூத மரபில் குற்றம். பழுதான மறைநூல்களை ஓர் அறையில் இட்டுவைத்துப் பின்னர் மண்ணில் புதைப்பார்கள். அந்த அறைக்குக் 'கெனிசா' என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்திலோ பெருந்தொகையான ஏடுகள் புதைபடாமலே கிடந்தன. சன்னலில்லாத அறை, ஏணியில் ஏறிச் சுவர்த் துவாரத்தின் வழியே உள்ளே போடவேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் போட்டார்கள்.

1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் வாங்கிவந்த பழந்தாள் ஒன்றைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சொலமன் ஷெக்டர் பார்த்தார். பென் சீராவின் ஞானநூல்! மொழிபெயர்ப்புகளில் மட்டுமே வாழ்ந்த அந்நூலின் எபிரேய மூலம் அது. அவ்வாண்டு இறுதியில் அவரே கெய்ரோ சென்றார். தூசியில் மூழ்கி, ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்.

மறைநூல்கள் மட்டுமா? கணக்குகள், திருமண ஒப்பந்தங்கள், கடிதங்கள். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் மிளகும் பாக்கும் இரும்பும் பற்றிய கடிதங்களும் அங்கே கிடந்தன. அரபு மொழி, எபிரேய எழுத்து. நம் முஸ்லிம் மக்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழை நினைத்துப் பாருங்கள். எழுத்தே புனிதம் என்று கருதியதால் சாமானியனின் சுகதுக்கமும் தப்பியது.

நாமும் பக்தியுள்ளவர்களே. ஆனால் நம் பக்தி பழைய ஏடுகளை ஆற்றில் விட்டது, தீயில் இட்டது. அந்த வேதனையை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்திலே பதிந்திருக்கிறார். பகையும் தீயிட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன.

சீனன்குடாவில் எங்கள் வீட்டில் அப்பப்பாவின் றங்குப்பெட்டி ஒன்றிருந்தது. மட்டையில்லாத கந்தபுராணம், அதன் அடியில் அவருடைய கணக்குக் கொப்பி. அரிசி விலை, மீன் விலை, யாருக்கு எவ்வளவு கடன், எந்தப் பிள்ளைக்கு எப்போது காய்ச்சல். "குப்பை" என்று நாங்கள் சிரிப்போம். 1990இல் ஊரை விட்டு ஓடியபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தோம். கொப்பியை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது பெட்டியுமில்லை. உறுதிக்குப் பிரதி எடுக்கலாம். அப்பப்பாவின் கையெழுத்துக்கு எங்கே போவது?

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கும். எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். எது பொக்கிஷம் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டாம், பின்வருகிறவர்கள் தீர்மானிக்கட்டும்.