ஞானசௌந்தரியின் சித்தி
(திருக்குடும்ப விழா – வானொலி மறையுரை)

எண்கிழமை நடக்கிறது, குடில் இன்னும் கலையவில்லை. அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் இடையர்கள், மறு பக்கம் ஒட்டகத்தோடு ஞானிகள். நாம்தான் அவர்களை ஒரே வைக்கோல் மேல் நிறுத்தி வைத்திருக்கிறோம். நற்செய்தியில் அவர்கள் சந்தித்துக்கொள்வதே இல்லை. இடையர்களைப் பற்றிச் சொல்பவர் லூக்கா, ஞானிகளைப் பற்றிச் சொல்பவர் மத்தேயு. லூக்கா பெரும்பாலும் மரியாவின் பக்கத்தில் நின்று பேசுகிறார். மத்தேயுவில் வானதூதர் வருவது யோசேப்பின் கனவில். பிறப்பு ஒன்றுதான், யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதில் கதை மாறுகிறது.

இதை நினைத்தபோது, ஒரே கதை ஒரே ஆண்டில் இரண்டு படமாக வந்தது நினைவுக்கு வந்தது. ஞானசௌந்தரி. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும். தாயில்லாத அரசகுமாரி. சித்தி லேனாள் அவளைக் காட்டுக்கு அனுப்பிக் கொல்லச் சொல்கிறாள். உயிர் தப்புகிறது, ஆனால் இரு கைகளும் வெட்டப்படுகின்றன. பிலேந்திரன் என்ற இளவரசன் அவளை மணக்கிறான். அவன் ஊரில் இல்லாத நேரம் ஒரு கடிதம் மாற்றப்படுகிறது. பெற்ற பிள்ளைகளோடு அவள் மறுபடியும் காட்டுக்குப் போகிறாள். அங்கே தேவமாதா அவளுக்குக் கைகளைத் திருப்பித் தருகிறார்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் அம்மானையாகவும் கூத்தாகவும் வழங்கிய கதை இது. சங்கரதாஸ் சுவாமிகள் இதை மேடை நாடகமாக எழுதினார். 1935-லேயே ஒருமுறை பேசும் படமாகவும் வந்தது. ஆனால் 1948-ல் நடந்ததுதான் விசேஷம். ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனம் ஒரு ஞானசௌந்தரியை எடுத்தது, ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் இன்னொன்றை எடுத்தார். வாசன் யார்? அதே ஆண்டு ஏப்ரலில்தான் ‘சந்திரலேகா’வை வெளியிட்டு, முரசு நடனத்தால் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பணம், ஸ்டூடியோ, விளம்பரம் எதற்கும் குறைவில்லை. சிட்டாடல் அந்த அளவுக்குப் பெரிய நிறுவனமல்ல. எஃப். நாகூர் இயக்க, எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தார்கள்.

மே மாதம் சிட்டாடல் படம் முதலில் வந்தது, ஓடியது. அடுத்து வந்த ஜெமினி படத்தை மக்கள் ஏற்கவில்லை. வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சினிமாத் தொழிலில் அப்படிச் செய்ய ஒரு மனசு வேண்டும். அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

ஏன் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது? விவரம் தெரிந்தவர்கள் பல காரணம் சொல்வார்கள். நான் ஒன்றைத்தான் சொல்வேன்: சிட்டாடல் படத்தில் மாதாவைப் பார்த்துப் பாடும் அந்த ஒரு பாட்டு. மூன்று ஆண்டுக்கு முன் ‘மீரா’வுக்கு இசையமைத்த எஸ்.வி. வெங்கட்ராமன்தான் இதற்கும் இசை. சிறுமி ஜிக்கியின் குரலில் தொடங்கும் பாட்டு, நடுவிலேயே பி.ஏ. பெரியநாயகியின் குரலாக மாறிவிடுகிறது. பாடும் பிள்ளை வளர்ந்துவிட்டாள், வேண்டுதல் மட்டும் அதேதான். வருஷங்கள் ஓடியும் அந்த வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்பதை வசனமே இல்லாமல் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். என் பாட்டி திருகையில் உளுந்து உடைக்கும்போது இதைப் பாடுவார். மாதா பாட்டாக மட்டுமல்ல, தம் சொந்த விண்ணப்பமாகவும் பாடினார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பெரியநாயகி அம்மா பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகைக்காரர். திருவதிகைக் கோவில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் தேவமாதாவுக்கு வைத்த பெயரும் பெரியநாயகிதான்.

சரி, இரண்டு படங்களும் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் கதையின் ஓர் இடம் அப்படியேதான் நின்றது. பழி சித்தியின் தலையில்.

இந்தக் கதைக்கு ஐரோப்பாவில் பழைய உறவு உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஜெர்மானியக் கதைகளில் கையிழந்த பெண் ஒருத்தி வருகிறாள். அங்கே அவள் கையை வெட்டுவது யார் தெரியுமா? பெற்ற தகப்பன். மாவு மில்காரன். செல்வத்துக்கு ஆசைப்பட்டு, பேயிடம் என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்காமல் கொடுத்து, கடைசியில் தன் உயிருக்குப் பயந்து மகளின் கைகளை வெட்டுகிறான். கடிதத்தை மாற்றுவது பேய். நம் ஊர்க் கதையில் தகப்பனின் வேலை, பேயின் வேலை இரண்டையும் சித்தியிடம் கொடுத்துவிட்டோம். தகப்பன் அரசர். படை உண்டு, காவல் உண்டு, மகளைக் காக்க மட்டும் முடியவில்லை. அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதை ஏன் இன்று சொல்கிறேன்? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்கள், அன்றும் திருக்குடும்ப விழா. அன்று ஆலயங்களில் வாசித்த நற்செய்தியும் இன்றைய நற்செய்திதான், மத்தேயு இரண்டாம் அதிகாரம்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது. அந்தக் காலையில்தான் தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, கிள்ளை என்று நம் கடலூர், சிதம்பரம் கரை முழுக்க அலை ஏறியது. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். மனைவியை இழந்த ஆண்கள், கையில் இரண்டு மூன்று பிள்ளைகள். பலர் மறுமணம் செய்தார்கள். அந்த வீடுகளுக்குள் ஒரு பெண் வந்து, தான் பெறாத பிள்ளைக்குத் தலை சீவிவிட்டு, ராத்திரியில் அலை அலை என்று அலறி எழுந்ததை மடியில் போட்டுத் தூங்க வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கினாள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்று கல்யாணம் ஆகிவிட்டது.

ஆனால் ஊர் என்ன சொன்னது? பிள்ளை இளைத்திருந்தால், “சித்தி சோறு போடலை.” பிள்ளை தப்புச் செய்து அவள் கண்டித்தால், “பெத்தவளா இருந்தா கை நீட்டுவாளா?” கண்டிக்காவிட்டால், “அவளுக்கென்ன அக்கறை?” குழாயடியில் லேனாள் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அந்தக் கதை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெற்றவளின் பெயரை மட்டும் போட்டு, வளர்த்தவளைப் பின் வரிசையில் உட்கார வைத்த வீடும் உண்டு. அன்று திருமண மந்திரிப்பில் பெற்றோர் முன்னே வாருங்கள் என்று நான் அழைத்தபோது அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. மணப்பெண்தான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

கொடுமை செய்யும் சித்திகள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கொடுமை செய்யும் தாய்மாரும் தகப்பன்மாரும் உண்டு. வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு அடி விழுகிறது என்று தெரிந்தால், அது யார் கையால் விழுந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாது. 1098 என்ற எண்ணை இந்த வானொலி வழியாகவே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண். கட்டணம் இல்லை.

மத்தேயு சொல்லும் யோசேப்பிடம் வருவோம். மகனாகப் பிறந்தவர் அவருக்குப் பிறந்தவர் அல்ல. ஆனால் ஆபத்து என்று தெரிந்த அந்த இரவே எழுந்தார். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தார், தூக்கிக்கொண்டார், புறப்பட்டார். ஞானசௌந்தரியின் அரண்மனையில் இப்படி ஒரு தகப்பன் இருந்திருந்தால் கதை முதல் காட்சியிலேயே முடிந்திருக்கும்.

கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர் தேம்பாவணியை எழுதினார். 3,615 பாடல்கள். அதில் தலைவனாக யாரை வைத்தார்? இந்த வளர்ப்புத் தந்தையைத்தான். வளன் என்று தமிழ்ப் பெயரும் கொடுத்தார். பெறாத பிள்ளையை வளர்த்த ஆணைக் காப்பியத் தலைவனாக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. அதே வேலையைச் செய்த பெண்ணுக்கு லேனாள் வேஷம்தான் வைத்திருக்கிறோம்.

இன்று நம் பங்கில் திருக்குடும்பத் திருப்பலி முடிந்ததும் தம்பதியருக்கு ஆசி வழங்கும் வழக்கம் உண்டு. இந்த ஆண்டு அதற்கு முன்னால், தாம் பெறாத பிள்ளைகளை வளர்த்தவர்களை அழைக்கப் போகிறேன். சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யாராக இருந்தாலும் சரி. அவர்கள் தாமாக எழுந்து வர மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள்தான் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும்.

தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.