அம்மாவுக்கும் ஒரு தட்டு



பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தானும் ஓடிப்போய் பஸ் பிடிக்கும் ஒரு தாயிடம், "உடம்பைக் குறைங்கம்மா" என்று சொல்ல ஊரில் எல்லாரும் உண்டு. எந்த நேரத்தில் குறைப்பது என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இருக்காது.

சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் ஒதுக்கினால்தான் உடற்பயிற்சி என்று நினைத்துப் பழகிவிட்டோம். வாரத்துக்கு 150 நிமிடமாவது, சற்றே மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி விறுவிறுவென நடப்பதும், பிள்ளைக்கு டியூஷன் முடியும்வரை அந்தத் தெருவைச் சுற்றி வருவதும் பயிற்சிதான்.

சாப்பாட்டு விஷயம் இதைவிடப் பெரியது. நம் வீடுகள் பலவற்றில் அம்மாவுக்கென்று ஒரு தட்டு கிடையாது. பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, சட்டியில் ஒட்டிய குழம்போடு பிசைந்த சோறு, கடைசியாக மீந்த இரண்டு வடை. எல்லாம் அடுப்படியில் நின்றபடியே, "வீணாப் போகுதே" என்று. எவ்வளவு சாப்பிட்டோம் என்று அவருக்கே தெரியாது. உணவை வீணாக்கக் கூடாது என்ற மனசு பெரியது. அப்படியானால் பிள்ளைக்கு முதலிலேயே கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி போடுங்கள். நீங்கள் எல்லாரோடும் உட்கார்ந்து, உங்கள் தட்டில் சாப்பிடுங்கள். அதில் சோறு குறையட்டும்; கீரை, கூட்டு, சுண்டல் கூடட்டும். எண்ணெயைப் பார்த்து ஊற்றுங்கள். மாவுச்சத்து ஒரு கிராமில் 4 கலோரி என்றால் எண்ணெயில் 9. நாலு வேளை காபியில் இரண்டிரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டால், அதுவே ஏறக்குறைய 160 கலோரி.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடந்து, உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை சொல்லும்படி குறையவில்லை! எடை மெஷினில் முள் நகரவில்லையே என்று இரண்டாவது வாரமே கைவிடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கும். எடையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும், சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டில் உள்ள மற்றவர்களிடம் ஒரு வார்த்தை. அம்மா நடக்கப் போகும் அரை மணி நேரம் வானத்திலிருந்து விழாது. அவர் தூக்கத்தைக் குறைத்தும் எடுக்கக் கூடாது. தூக்கம் குறைந்தால் பசி கூடும், எடையும் ஏறும். அந்த நேரத்தை வீட்டு வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். காலையில் சட்னி அரைப்பது, பாத்திரம் கழுவுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, இந்த மூன்றையும் யார் யார் ஏற்பது என்று அப்பாவும் பிள்ளைகளும் இன்று ராத்திரியே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.