இரு காற்று, ஒரு சுருதி

(விழா வார இசை மாலையில், அக்கார்டியனும் புல்லாங்குழலும் இணைந்த மேனாட்டுச் செவ்விசைக் கச்சேரிக்கு முன் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"மேனாட்டுச் சங்கீதம் நமக்கெல்லாம் விளங்குமா, சாமி?" என்று இந்த வாரம் முழுவதும் பலர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். விளங்கும். ஒரே வீட்டில் இருவர் ஒத்துப்போவது எத்தனை கடினம் என்பது விளங்கியவர்களுக்கு இன்றைய கச்சேரி நிச்சயமாக விளங்கும்.

முதலில் அக்கார்டியன். ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமல்ல. ஆர்மோனியத்தின் அண்ணன் என்றே சொல்லலாம். அலெக்சாந்தர் தெபேன் பாரிஸ் நகரில் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றது 1842-இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, 1829-இல், வியன்னா நகரில் சிரில் தெமியான் என்னும் கருவி வினைஞர் அக்கார்டியனுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இரண்டிலும் நடப்பது ஒன்றே. துருத்தி காற்றைத் தள்ள, சிறிய உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. அந்த நாக்கைத்தான் ரீடு என்கிறோம். இன்று மேடையில் பார்க்கப்போகும் வகையில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள் உண்டு: துருத்தியை விரிக்கும்போது ஒன்று பேசும், சுருக்கும்போது மற்றது பேசும். பத்துக் கிலோ எடையை மார்பில் சுமந்துகொண்டு, இடக்கையால் துருத்தியையும் இழுத்து, இரு கை விரல்களாலும் வாசிக்க வேண்டும்.

அடுத்து, புல்லாங்குழல். இதில் ரீடு கிடையாது. வாசிப்பவரின் மூச்சு, துளையின் எதிர் விளிம்பில் மோதிப் பிளவுபடும்போது நாதம் பிறக்கிறது. மூச்சில் ஒரு பங்கு வெளியே வீணாகவே போகும். நமது குழல் மூங்கில். மேனாட்டார் குழலும் முன்பு பெரும்பாலும் மரந்தான். பொற்கொல்லர் தொழிலும் அறிந்த குழல் கலைஞர் தெயோபால்டு போம், 1847-இல் மியூனிக் நகரில் அதை உலோகக் குழாயாக்கி, துளைகளுக்கு மூடிகள் அமைத்து, இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்.

இவ்விரண்டில் குழலுக்கு அரசவையிலும் அரங்கிலும் என்றும் இடம் இருந்தது. அக்கார்டியனுக்கோ வெகுகாலம் இடம் கிடைக்கவில்லை. மதுக்கடைக் கருவி, கிராமத்துத் திருமண வீட்டுக் கருவி என்றே அதை ஒதுக்கினார்கள். ரஷிய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1883-இல் தம் படைப்பு ஒன்றில் நான்கு அக்கார்டியன்களைச் சேர்த்தார், அது அபூர்வம். குறை கருவியிலும் இருந்தது. இடக்கைப் பொத்தானை அழுத்தினால் பல சுரங்கள் முன்பே கட்டிவைத்த சேர்க்கையாகத்தான் ஒலிக்கும். தனித்தனிச் சுரமாக ஒரு மெட்டை முழு அளவில் வாசிக்க இயலாது. அந்தக் கட்டை அவிழ்த்து, இடக்கைக்கும் தனிச் சுரங்கள் தந்த புதிய அமைப்பு பரவிய பிறகு, டென்மார்க் நாட்டு மோகன்ஸ் எல்லகார்ட் போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இசையமைப்பாளர்களைத் தேடிச் சென்று, இதற்கெனப் பெரும் படைப்புகளை எழுத வைத்தார்கள். 1978-இல் சோபியா குபைதுலினா, நாம் இறந்தோருக்காகச் செபிக்கும் 130-ஆம் திருப்பாடலின் இலத்தீன் முதற்சொற்களையே தலைப்பாக இட்டு, ரஷிய அக்கார்டியனுக்கு ஒரு தனிப் படைப்பைத் தந்தார். மதுக்கடைக்கு என்று ஒதுக்கப்பட்ட கருவி, ஆழத்திலிருந்து எழும் மன்றாட்டைச் சொல்லும் தகுதி பெற்றது.

இன்றைய நிகழ்ச்சியில் முதலில் வருவது பாக் இயற்றிய பி மைனர் சொனாட்டா. பாக் இறந்தது 1750-இல். அக்கார்டியனை அவர் கண்டதில்லை. குழலுக்குத் துணையாக அவர் வைத்தது ஆர்ப்சிகார்டு என்னும் தந்திக்கருவி. அதன் ஒலி மீட்டியவுடன் தேய்ந்துவிடும். அக்கார்டியன் ஒலியோ காற்று உள்ளவரை நிற்கும். ஆகவே வலிய கருவியை வாசிப்பவர் தம் ஒலியைத் தாமே குறுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது, அர்ஜென்டினா நாட்டு அஸ்டர் பியாசோல்லா 1980-களில் குழலுக்கும் கிட்டாருக்கும் எழுதிய 'டாங்கோவின் வரலாறு'. கிட்டாரின் பங்கை இன்று அக்கார்டியன் ஏற்கிறது. டாங்கோ என்பது துறைமுக நகரத்தின் ஏழை மக்களிடையே, சொல்லக் கூசும் வீடுகளில் வளர்ந்த நடனம். 1900-இல் தொடங்கும் இப்படைப்பு, 1930-இன் காப்பிக்கடை, 1960-இன் இரவு விடுதி ஆகியவற்றைக் கடந்து இசையரங்கில் வந்து முடிகிறது. அக்கார்டியனின் உறவுக் கருவியான பாண்டோனியனை வாசித்தவர் பியாசோல்லா. அவருக்கு எட்டு வயதானபோது தந்தையார் நியூயார்க் அடகுக் கடையில் வாங்கித் தந்த கருவி அது. 1954-இல் பாரிசில் நாதியா பூலாஞ்சே அம்மையாரிடம் பயிலப் போனபோது, தாம் டாங்கோ வாசிப்பவர் என்று சொல்ல அவருக்கு வெட்கம். அந்த அம்மையாரோ அதையே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இதை ஒருபோதும் கைவிடாதே என்று அறிவுறுத்தினார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். குழலைப் பலமாக ஊதினால் சுருதி சற்று ஏறும். அக்கார்டியனைப் பலமாக அழுத்தினால் ரீடின் சுருதி சற்று இறங்கும். இருவரும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்தினால் என்னவாகும்? ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போவார்கள். நம் வீடுகளில் நடப்பதும் இதுவல்லவா?

அப்படியானால் யார் விட்டுக்கொடுப்பது? அக்கார்டியன் சுருதியை மேடையில் மாற்ற வழியில்லை. பெட்டியைத் திறந்து ரீடை அரத்தால் தேய்த்தால்தான் மாறும். எனவே, உதட்டைச் சிறிது திருப்பியே சுருதியைச் சரிசெய்ய வல்ல குழல், சுருதியில் இணங்கிப் போகிறது. ஆனால் குழலின் தாழ்ந்த சுரங்கள் மெல்லியவை. பலம் வேண்டுமென்றாலும் வராது. எனவே, பலமுள்ள அக்கார்டியன் ஒலியில் அடங்கிப் போகிறது. யாரால் எது முடியுமோ, அதை அவர் விட்டுக்கொடுக்கிறார். மற்றவரால் முடியாததை அவரிடம் கேட்பதில்லை.

இருவரும் இறங்கி வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் எப்பொழுதும் ஒருவரே, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணே, இறங்கிப் போய்க்கொண்டிருந்தால், வெளியே சண்டைச் சத்தம் கேட்காமல் இருக்கலாம். ஆனால் அதற்கு ஒற்றுமை என்று பெயரில்லை. ஒரு குரல் அடங்கிவிட்டது, அவ்வளவுதான். நம் சங்கங்களுக்கும் பாடகர் குழுவுக்கும் இதையே சொல்வேன்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழல் கலைஞர் மூச்சு வாங்கும் கணத்தில் அக்கார்டியன் இசையைத் தாங்கிப் பிடிக்கும். துருத்தி திசை திரும்பும் கணத்தைக் குழல் தன் நாதத்தால் மூடி மறைக்கும். மற்றவர் மூச்சு வாங்க இடம் தருவதுதான் சேர்ந்து வாசிப்பது.

கலைஞர்கள் இருவரையும் வாழ்த்தி வரவேற்கிறேன். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கைதட்டாமல், குழந்தைகளை அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள்.