கோடை விடுமுறையும் நம் மாணவர் தொண்டர் குழுவும்

(கோடை விடுமுறைக்கு முன் கூடிய சங்கத்தின் மாணவர் தொண்டர் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மேடையேறிப் பேசும் பழக்கம் நமக்கு இல்லை. மெட்ரிகுலேஷன் தேறிய கையோடு இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் நாம். கூட்டவும் கழிக்கவும் குறிப்பு எழுதவும் பழகிய கைக்கு ஒலிபெருக்கியைப் பிடிப்பது சற்றுச் சிரமந்தான். புலவர்களும் பேராசிரியர்களும் பேசிய இம்மேடையில் நம்மை ஏன் நிறுத்தினீர்கள் என்று செயலாளரைக் கேட்டோம். "கோடையில் யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்குத்தானே முதலில் தெரியும்!" என்றார். அது மெய். பாஸ் பிரிவில் அமர்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் இந்தக் கரக்பூர்க் காலனியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பமும் ஊருக்குக் கிளம்ப முடியாது. விண்ணப்பம் முன்பு தாளில் வந்தது, இன்று கணினியில் வருகிறது. பங்குனி பிறந்தவுடன் வரிசையாக வரும். அரக்கோணம், விருத்தாசலம், கும்பகோணம், திருநெல்வேலி என்று ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போதே நமக்கும் காவிரி மணல் காலில் படுவது போலிருக்கும்.

ஊருக்குப் போவது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆண்டு முழுவதும் வங்காளியும் இந்தியும் பேசித் திரிகிற பிள்ளைகள் பாட்டியின் வாயால் நாலு தமிழ்ச் சொல் கேட்பதற்கு வேறு காலம் ஏது? நாம் சொல்ல வந்தது வேறு. ஜூலை முதல் மார்ச் வரை ஓடியாடித் தொண்டு செய்கிற நம் மாணவர் குழு, ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு விடுகிறது. ஆனால் எந்த மாதத்தில் தொண்டு மிகுதியும் வேண்டப்படுகிறதோ, அந்த மாதத்தில்தான் நாம் காணாமற் போகிறோம்.

இதை நமக்குப் புரியவைத்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. 2022-ஆம் ஆண்டு மே மாதம். பணிமனையில் பிட்டராக வேலை செய்யும் தெலுங்கு நண்பர் ஒருவர் ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகளுக்குத் தலசீமியா. இந்நோய் உள்ள குழந்தையின் உடம்பு தனக்கு வேண்டிய நல்ல இரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். இவ்வங்காளப் பகுதியில் இந்நோய் அரிதன்று என்பது இங்கு நெடுநாள் இருப்பவர்கள் அறிந்ததே. "அண்ணா, இரத்த வங்கியில் இருப்பு இல்லையாம். ஆள் கொண்டுவரச் சொல்கிறார்கள். உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்களே!" என்றார் நண்பர்.

குழந்தையின் வகை பி பாசிட்டிவ். அபூர்வமான வகையா என்றால் இல்லை. நம் நாட்டில் தெருவுக்குப் பத்துப் பேரிடம் இருக்கிற வகை. ஆதலால் நாம் சற்றுப் பெருமிதத்தோடே, "கவலை வேண்டாம், மாலைக்குள் ஆள் வரும்" என்று சொல்லி அனுப்பினோம். குழுவின் கைபேசித் தொகுதியில் செய்தியும் போட்டோம். மறுமொழிக்குக் குறைவில்லை. ஒருவர் மதுரையில், ஒருவர் தஞ்சையில், ஒருவர் வண்டியில் விசயவாடாவைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார்கள். கைகூப்பும் படங்களை எண்ணிக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தோம். நாமே கொடுக்கலாமென்றால், மார்ச் மாத முகாமில் கொடுத்து மூன்று மாதம் நிறையவில்லை. இரத்தம் கொடுப்போரின் பெயரும் வகையும் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று சங்கத்தில் உண்டு. அது அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி, மாணவர் செயலாளரின் பையோடு திருநெல்வேலிக்குப் போயிருந்தது.

அந்தக் குழந்தை மூன்று நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள், நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் வங்காளி அன்பர் ஒருவர், கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கொடுத்தார். கொடுத்த இரத்தத்தையும் உடனே ஏற்றிவிட முடியாது, எச்.ஐ.வி., இருவகை மஞ்சட்காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகே ஏற்றுவார்கள். குழந்தை தேறிவிட்டாள். ஆனால் மறு வாரம் அந்த நண்பர் நமக்கு நன்றி சொல்ல வந்தார் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. நாம் ஒன்றுமே செய்யவில்லையே!

அந்தச் சாவிக்கு அந்தப் பையனை மட்டும் நொந்துகொள்வது நியாயமாகாது. குழுவுக்குப் பொறுப்பாளர் என்று பெயர் போட்டுக்கொண்டிருந்தவர் நாம். அலுவலகத்தில் நாம் பதினைந்து நாள் லீவில் போனால் சார்ஜ் ஒப்படைக்காமல் போவோமா? நிலைய அதிகாரி பணி முடிந்து வீட்டுக்குப் போகும்போது அடுத்தவர் வந்து கையெழுத்திட்ட பிறகே நாற்காலியை விட்டு எழுகிறார். இத்தனை ஆண்டு இரயில்வேயில் உப்புத் தின்ற நாம், சங்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோடையில் இரத்தம் குறைவது ஏன் என்று பின்னர் விசாரித்தறிந்தோம். முகாம்கள் பல கல்லூரிகளில் நடப்பவை. கல்லூரி மூடினால் முகாமும் மூடுகிறது. இரத்தமோ மூட்டையில் கட்டி வைக்கும் பண்டமன்று. சிவப்பணுக்களை, சேர்க்கும் மருந்துக்கேற்ப, 35 அல்லது 42 நாள் வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள். ஆகவே மார்ச் தொடக்கத்தில் நம் பிள்ளைகள் வரிசையில் நின்று கொடுத்ததெல்லாம் மே மாதம் பிறக்குமுன்பே காலங்கடந்து போயிருக்கும். முகாமில் எடுத்த புகைப்படம் மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் உள்ள கல்லூரி மாணவர்கள் சிலர் இங்கு இருக்கிறீர்கள். அத்திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டில், 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிற்று. ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. அதன் சின்னம் கோனார்க்குச் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம். நம் பக்கத்து ஒடிசாவில் உள்ளது, பலரும் பார்த்திருப்பீர்கள். சக்கரம் என்றால் நிற்காதது என்று பொருள். ஆனால் நடப்பது என்ன? 120 மணியும் தேர்வுக்கு முன்பே கணக்குத் தீர்ந்துவிடுகிறது, சான்றிதழுக்கு வழி பிறந்துவிடுகிறது, சக்கரத்துக்குக் கட்டை போட்டாகிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு, மே 1 முதல் ஜூலை 31-க்குள் 100 மணி நேரம் கிராமத் துப்புரவுப் பணி என்று கோடைக்காகவே ஒரு திட்டம் வகுத்து மாணவர்களை அழைத்தது. கோடையில் மாணவன் கையில் நேரமிருக்கிறது என்பது தில்லி வரையில் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

அவ்வாண்டு கோடை முடிந்து அனைவரும் திரும்பியபின் நாம் செய்தது சிறு காரியமே. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஜூன் மூன்றாம் வாரம் வரை ஒரு பட்டியல் போட்டோம். வாரத்துக்கு மூன்று பெயர். யாரையும் ஊருக்குப் போக வேண்டாமென்று சொல்லவில்லை. போகாத வாரத்தைச் சொல்லுங்கள் என்றோம். மூவரில் ஒருவராவது பதினெட்டு நிரம்பியவராக இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்துக்குப் படி எடுத்து வாசகசாலையில் ஒன்று, மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் ஒன்று வைத்தோம். ஞாயிறு காலை தமிழ் வகுப்பு முடிந்ததும், அந்த வாரத்தவர் அடுத்த வாரத்தவரிடம் நோட்டையும் சாவியையும் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். "ஐயா எங்களையும் இரயில்வேயில் சேர்த்துவிட்டார்" என்று கேலி பேசினார்கள். பேசட்டும்.

இரத்தம் கொடுக்க 18 முதல் 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடை வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கொடுக்க முடியாது. ஆயினும் நோட்டைப் பார்த்து யாருக்கு மூன்று மாதம் நிறைந்தது என்று கணக்கிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவதும், வருகிறவரோடு துணைக்குப் போவதும் அவர்கள் செய்யக்கூடியதே. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதை நம்மைவிடத் திருத்தமாகச் செய்கிறாள். நம் அலுவலகத்துக்கு அவளை அனுப்பினால் நிலுவைக் கோப்புகள் தீர்ந்துவிடும்!

பட்டியல் போட்ட மறு கோடையில்தான் அந்த நாள் வந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2. மாலையில் நம் நிலையத்தைத் தாண்டிச் சென்ற கோரமண்டல் விரைவு வண்டி, ஏழு மணியளவில் பாலசோருக்கு அப்பால் பாகாநாகா பசாரில் விபத்துக்குள்ளாயிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் குடும்பங்கள் தலைமுறையாக ஊருக்குப் போய்வருகிற வண்டி அது. அன்றைக்கு எவரெவருக்குப் பாஸ் போட்டோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டோம். நம் காலனியார் எவரும் அதில் இல்லை என்று உறுதியாகும்போது நள்ளிரவாகிவிட்டது. அந்த இரவு பாலசோரில் மாணவர்களும் கடைக்காரர்களும் கூலி வேலைக்காரர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை வாயிலில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். நாடே அறிந்த செய்தி. அவர்களை எவரும் பட்டியல் போட்டு அழைக்கவில்லை. அவர்கள் ஊரில் இருந்தார்கள், அவ்வளவுதான். இங்கே, அந்த வாரத்துக்குப் பெயர் கொடுத்திருந்த நம் மூவரும் நாம் சொல்லாமலே நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் நிறைந்தவர்களை எழுப்பி, விடியுமுன் ஒன்பது பேரைத் தயாராக நிறுத்தினார்கள். அவர்களுள் அந்தத் தெலுங்கு நண்பரும் ஒருவர்.

இரத்தம் ஒன்று மட்டுமன்று. பிளாட்பாரத்தில் தண்ணீர் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். நம் நிலையத்தின் நடைமேடை 1,072 மீட்டர் நீளம். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது. இன்று அந்தப் பெருமை ஹூப்ளிக்குப் போய்விட்டது. நீளம் பெருமைக்குச் சரி. முன்பதிவில்லாப் பெட்டியில் கைக்குழந்தையோடு நெருக்கிப் பிடித்து அமர்ந்திருக்கும் தாய், அவ்வளவு தூரம் நடந்து குழாயைக் கண்டு திரும்புமுன் வண்டி நகர்ந்துவிடும். அதனால் தண்ணீர் அவளிடம் போக வேண்டும். வண்டி வருமுன் குடங்கள் நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் ஊற்ற, ஒருவர் நிரப்பித் தர வேண்டும். குவளையைக் குடத்துக்குள் முக்கக் கூடாது. வண்டி அசைந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். காசு நீட்டினால் வாங்கக் கூடாது. நிலைய அதிகாரியின் அனுமதி வாங்கியே செய்ய வேண்டும். தண்டவாளத்தின் பக்கம் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. வெயிலில் சுருண்டு விழுந்தவரை முதலில் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். இவற்றையெல்லாம் மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் நட்ட வேப்பங்கன்றுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நட்டபோது மாலை போட்டுப் படம் எடுத்தோம். இந்தச் செம்மண் சரளைப் பூமியில் மே மாதம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளின்றிப் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. இப்போது அது பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "வெயிலில் அலைந்தால் பிள்ளை கறுத்துப் போவான்" என்று நம் வீட்டிலேயே சொல்லக் கேட்டிருக்கிறோம். காலை ஒன்பதுக்குப் பிறகும் மாலை ஐந்துக்கு முன்பும் எந்தப் பிள்ளைக்கும் வெளி வேலை இல்லை என்று முடிவு செய்துள்ளோம். அந்த இரண்டுக்கும் இடையில் கிரிக்கெட் ஆடினால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

ஊருக்குப் போகிறவர்களும் குழுவை விட்டுப் போகிறவர்கள் அல்லர். ஜூன் 14 உலகக் குருதிக்கொடையாளர் நாள். பதினெட்டு நிரம்பியவர்கள் அந்த வாரத்தில் கும்பகோணத்திலோ நெல்லையிலோ அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் நாலு விடுகதையும் நாலு கதையும் கேட்டு எழுதி வந்தால், ஜூலையில் நம் ஞாயிறு வகுப்புக்கு அது போதும். பாடப்புத்தகத்தில் அவை கிடைப்பதில்லை. கிளம்புகிற அன்று யாரிடம் சார்ஜ் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். பாஸ் வாங்க வருகிறபோது நாம் அதைக் கேட்போம். கேட்பதற்கு விதியில் இடமில்லைதான், இருந்தாலும் கேட்போம்.

இவ்வாண்டுப் பட்டியல் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரமும் ஜூன் மாதமும் நிரம்பிவிட்டன. மே இரண்டாம் வாரத்தில் ஓரிடமும் மூன்றாம் வாரத்தில் இரண்டிடமும் காலியாக உள்ளன. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம்.