மலையில் பள்ளி வைத்த சரளா பென்

(முன்னாள் மாணவியர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



"பெண் கல்விக்குத் தொண்டு செய்த ஒருத்தரைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு, நடுவுல அழுதுடாதே" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்துக்கு உத்தரவாதம் தருகிறேன். மற்றதற்குத் தர முடியாது.

நான் பேச வந்தது சரளா பென் பற்றி. 1901-ல் லண்டனில் பிறந்தவர். இயற்பெயர் காதரின் மேரி ஹைல்மன். அப்பா ஜெர்மானிய-சுவிஸ் வம்சம். முதல் உலகப் போர் வந்ததும் அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அதனால் மகளுக்குப் பள்ளியில் உதவித்தொகை கிடைக்கவில்லை. அவர் சீக்கிரமே பள்ளியை விட்டு நின்றார். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வழிகாட்டியவர், தன் படிப்பு பாதியில் நின்றவர். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் பழகிய இந்திய மாணவர்கள் மூலம் காந்தியடிகளைப் பற்றி அறிந்து, 1932 ஜனவரியில் இந்தியா வந்தார். முதலில் உதயப்பூரில் ஒரு பள்ளி, பிறகு சேவாகிராமம். வெயிலும் மலேரியாவும் உடம்பைப் படுத்தவே, காந்தியின் சம்மதத்தோடு 1940-ல் இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள கௌசானிக்குப் போனார். உடம்பு தேறப் போன இடத்தில் வாழ்நாள் வேலை காத்திருந்தது!

1942 போராட்டத்தில் அந்த மலைக்கிராமங்களில் பலர் சிறைக்குப் போனார்கள். இவர் ஊர் ஊராக நடந்து அவர்கள் குடும்பங்களைப் பார்த்தார். வெளியே போகக் கூடாது என்ற உத்தரவை மீறியதற்காக இவரும் இருமுறை சிறை சென்றார். அப்படி நடந்தபோது அவர் கண்டது மலைப் பெண்களின் பாடு. ஆண்கள் பட்டாளத்துக்கும் சமவெளி உத்தியோகத்துக்கும் போய்விடுவார்கள். புல் அறுப்பது, விறகு சுமப்பது, தண்ணீர் எடுப்பது, வயல், மாடு, குழந்தை எல்லாம் பெண் தலையில். அம்மாவுக்கு ஒத்தாசை யார்? மகள். பிறகு அவள் எங்கே பள்ளிக்கூடம் போவாள்?

1946-ல் கௌசானியில் ஒருசில சிறுமிகளோடு பள்ளியைத் தொடங்கினார். கஸ்தூர்பா மகிளா உத்தான் மண்டல் என்று பெயர். நிலம் கொடுத்தவரின் மனைவி பெயரால் லட்சுமி ஆசிரமம் என்றே அது வழங்குகிறது. காந்தியின் ஆதாரக் கல்வி முறை. வயல் வேலை, மாட்டுத் தொழுவம், நூற்பு, சமையல், இவற்றோடு பாடம். "படிச்ச பொண்ணு சாணி அள்ளுவாளா?" என்று கேட்டவர்களுக்கு, அள்ளுவாள், கணக்கும் போடுவாள், கூட்டத்தில் எழுந்து பேசவும் செய்வாள் என்று காட்டிய பள்ளி அது.

அங்கே படித்த விமலா என்ற பெண்ணை சுந்தர்லால் பகுகுணாவுக்குப் பேசினார்கள். "கட்சி அரசியலை விட்டு மலைக்கிராமத்தில் குடியேறிப் பணி செய்வதானால் கல்யாணம்" என்று நிபந்தனை போட்டார் விமலா. அவரும் ஒப்புக்கொண்டார். 1956-ல் கல்யாணம். பின்னாளில் சிப்கோ இயக்கத்தில் உலகமே அறிந்த தம்பதி. ராதா பட் என்ற இன்னொரு பெண்ணிடம் 1966-ல் ஆசிரமப் பொறுப்பை ஒப்படைத்தார் சரளா பென். அந்த ராதா பட்டுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சரளா பென் 1982-ல் அந்த மலையிலேயே காலமானார்.

ஆறு வருஷத்துக்கு முன் கௌசானி போயிருந்தேன். காட்கோதாமில் ரயில் இறங்கி, பஸ்ஸில் தலைசுற்றி, போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் திரிசூல், நந்தாதேவி சிகரங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். ஆனால் ஆசிரமத்தில் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவி, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் எனக்கு எங்க அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். நான் 1974-ல் இந்தக் கல்லூரி வாசலை மிதித்தேன். "அவளுக்குப் படிப்பு ஏறலை" என்று வீட்டில் சொல்வார்கள். நானும் நம்பினேன். ஊருக்குத் திரும்பியதும் அக்காவிடம் அந்தப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்குப் படிப்பு ஏறலைன்னு யாருடி சொன்னா? கணக்குல நான்தான் முதல். தண்ணி எடுக்க ஆள் வேணும்னாங்க, நின்னுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கோபமில்லை.

தோழிகளே, முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்தேன். ஒரு பெண் நின்றுபோனால் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் "படிப்பில் ஆர்வமின்மை" என்று எழுதுவேன். எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஒருத்தி வீட்டுக்காவது நடந்து போய்க் கேட்டேனா? சரளா பென் நடந்து போனார். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நம் சங்கப் பரிசு வருஷா வருஷம் முதல் மதிப்பெண் வாங்குபவளுக்குப் போகிறது. போகட்டும். நின்றுபோகப் போகிறவளுக்கும் ஒன்று வைப்போம். பணத்தை மணியார்டரில் அனுப்ப வேண்டாம். நம்மில் இருவர் அவள் வீட்டுக்கு நடந்து போய், ஏன் என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம். முதல் தொகை என்னுடையது. அதற்கு அக்கா பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். "எதுக்குடி, வேற யாராவது படிச்சா சரி" என்கிறாள்.

செயலாளர் மன்னிக்கவும்.